தற்செயலும் அன்று, படைப்பும் அன்று: உயிர்த்தோற்றம் பற்றி ஒரு பாடம்

1. வினா



கல்லூரியிற் பயிலும் நம் இளைஞர்கள் அடிக்கடி ஒரு வினாவுடன் வருகின்றனர். உடன் பயிலும் நண்பர்கள் அவர்களிடம் கேட்ட வினா அது. "தமிழ் எழுத்துக்களைத் தனித்தனியே ஓலை நறுக்குகளில் எழுதி, ஒரு பானையிலிட்டுக் குலுக்கிக் கொட்டினால், அவை தாமே வரிசைப்பட்டு ஒரு குறட்பா ஆகுமோ? ஆகாதன்றோ? குறட்பாவினும் எத்தனையோ மடங்கு நுட்பம் வாய்ந்தது மனிதனின் கண். அது மட்டும் தற்செயலாய் அமைந்தது என்று கூறும் பரிணாமக் கொள்கையை எவ்வாறு நம்புகின்றீர்? படைத்தவன் ஒருவன் உளன் என்று ஒப்புதல் அன்றோ அறிவுடைமை?"

இவ்வினாவை நகைத்துத் தள்ளுதல் முறையன்று. இதன் முற்பகுதி நேர்மையான ஐயம். குருட்டுத் தற்செயல் ஒன்றே கண்ணை ஆக்கிற்று என்று எவரேனும் கூறின், அவரை ஐயுறுதல் தக்கதே. பிற்பகுதியோ ஒரு தாவல். "தற்செயல் அன்று, ஆகவே படைப்பு" என்பதற்கு, இவ்விரண்டையன்றி மூன்றாவது வழியே இல்லை என்பது முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அது மெய்ப்பிக்கப்படவில்லை. மூன்றாவது வழி உண்டு. அஃது யாது என்பதே இன்றைய பாடம்.

2. பகவர் மறுத்த மூன்று கொள்கைகள்

அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் நிபாதத்தில் தித்த சூத்திரம் என ஒன்றுண்டு. மனிதர் நுகரும் இன்ப துன்பங்களுக்குக் காரணம் கூறுவோர் மூவகையினர் என அதிற் பகவர் எடுத்துரைக்கின்றார். எல்லாம் முற்பிறப்பிற் செய்த வினையாலேயே வருவன என்பார் ஒருவர். எல்லாம் ஈசன் ஆக்கிய ஆக்கத்தால் வருவன என்பார் மற்றொருவர். ஏதுவும் இன்றிச் சார்பும் இன்றி எல்லாம் வாளா நிகழ்வன என்பார் மூன்றாமவர். இம்மூன்றையும் பகவர் மறுக்கின்றார். மறுப்பதற்கு அவர் காட்டும் காரணம் ஆழ்ந்தது. இவற்றுள் எதனைப் பற்றினாலும், "இது செய்யத்தக்கது, இது தவிர்க்கத்தக்கது" என்னும் விருப்பமும் முயற்சியும் மனிதனிடத்தில் நில்லாமற் போம்.

இம்மூன்றும் நம் முன்னோர்மீது சுமத்தப்பட்டவையே. நீ தாழப் பிறந்தது உன் பழவினை என்றனர் சிலர். நீ காலிற் பிறந்தவன், படைத்தவன் விதித்த இடத்தில் இரு என்றனர் சிலர். எல்லாம் நேர்ச்சி, எவரும் பொறுப்பல்லர் என்று கைவிரித்தனர் சிலர். மூன்றும் வேறு வேறு மொழியிற் பேசினும், "சும்மா இரு" என்பதே மூன்றன் முடிவும். ஆகவே உயிர்த்தோற்றம் பற்றிய வினா நமக்கு வெறும் கல்லூரி வாதம் அன்று. படைப்பா, தற்செயலா எனக் கேட்போர், பகவர் விலக்கிய இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்குமாறு நம்மைக் கேட்கின்றனர்.

நம் மணிமேகலையும் இவ்வாதங்களைக் கேட்டவளே. வஞ்சி மாநகரில் அவள் சமயக்கணக்கர் பலரிடமும் அவரவர் திறம் கேட்கின்றாள். உலகமெல்லாம் ஒரு தேவன் இட்ட முட்டை என்கின்றான் பிரமவாதி. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூட்டியவிடத்துக் களிப்புப் பிறப்பது போலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கும் என்கின்றான் பூதவாதி. பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் கற்றதோ பன்னிரு சார்பு. இது சார்ந்து இது தோன்றும், இது நீங்க இது நீங்கும் என்பதே அதன் சாரம்.

3. ஐயுறுவோர் கூறும் கணக்கு

எதிர்வாதத்தை அதன் வலிமையோடு கேட்டல் நம் கடமை. தற்செயலை ஐயுற்றோருள் பேரறிஞரும் உளர். ஆங்கில நாட்டு வான்நூலறிஞர் பிரெட் ஹாயில் என்பவரும், கொழும்பிற் பிறந்த சந்திர விக்கிரமசிங்க என்பவரும் 1981இல் ஒரு கணக்கை முன்வைத்தனர். உயிர்க்கு வேண்டிய நொதிகள் ஏறத்தாழ 2,000. ஒரு நொதி தற்செயலாய் அமையும் வாய்ப்பு 1இன் பின் 20 சுழிகள் இட்ட எண்ணில் ஒரு பங்கு எனக் கொள்வோமாயின், 2,000 நொதிகளும் ஒருங்கே அமையும் வாய்ப்பு 1இன் பின் 40,000 சுழிகள் இட்ட எண்ணில் ஒரு பங்கே. ஆகவே உயிர் இம்மண்ணில் வாளா தோன்றியிராது, வான்வெளியினின்று வந்திருத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு.

அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில், பள்ளிகளிற் பரிணாமத்தோடு "படைப்பு விஞ்ஞானம்" என்பதையும் சமமாகக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்து எழுந்த வழக்கில் மாநில அரசின் சார்பிற் சான்றுரைக்க விக்கிரமசிங்க அழைக்கப்பட்டார். தற்செயற் கொள்கையை அவர் மறுத்துரைத்தது மெய்யே. ஆயினும், புவியின் வயது பத்து லட்சம் ஆண்டுக்குக் குறைவென்றோ, உலகளாவிய ஒரு வெள்ளத்தாற் பாறைகள் அமைந்தன என்றோ அறிவுடைய விஞ்ஞானி எவரும் நம்பார் எனவும் அவர் அம்மன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1982 ஜனவரி 5ஆம் நாள் நீதிபதி ஓவர்டன் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார்.

இவ்வழக்கு புகட்டும் பாடம் தெளிவானது. ஒரு விடையில் ஐயம் எழுந்தமையால் மற்றொரு விடை மெய்யாகிவிடாது. பக்கத்து வீட்டான் திருடவில்லை என்று மெய்ப்பித்தால் எதிர்வீட்டான் திருடன் ஆகிவிடுவானோ?

4. பகடைக் கணக்கு

அக்கணக்கிற் பிழை எங்குளது? பெருக்கலில் இல்லை. அஃது எடுத்துக்கொண்ட படிமத்தில் உளது. இரண்டாயிரம் நொதிகளும் இன்றுள்ள வடிவிலேயே, ஒரே வீச்சில், முன்னொன்றும் இன்றித் தோன்றின என அது கொள்கின்றது. பரிணாமம் அவ்வாறு கூறவேயில்லை.

ஆறு முகமுள்ள பகடைக்காய் பத்தினை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தும் ஒருங்கே ஆறு விழும் வாய்ப்பு 6,04,66,176இல் ஒன்று. நிமிடத்திற்கு ஒரு முறையாக இரவும் பகலும் ஓயாது உருட்டினாலும், அவ்வாறு ஒரு முறை விழுதற்குச் சராசரியாக 115 ஆண்டுகள் செல்லும். இனி வேறு முறையில் உருட்டுவோம். ஆறு விழுந்த காய்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஏனையவற்றை மட்டும் மீண்டும் உருட்டுக. இப்பொழுது சராசரியாகப் பதினேழு வீச்சுக்குள் பத்தும் ஆறாகிவிடும். காய்கள் அவையே, தற்செயலும் அதுவே. நல்லது நிற்கும், அல்லது போம் என்னும் ஒரு நியதி மட்டுமே புதிதாய்ச் சேர்ந்தது. 115 ஆண்டு பதினேழு நிமிடமாயிற்று.

உவமைக்கும் எல்லையுண்டு. பகடையாட்டத்தில் ஆறு என்னும் இலக்கை நாம் முன்னரே குறித்தோம். இயற்கைக்கு அத்தகைய இலக்கு இல்லை. அந்தந்த இடத்தில், அந்தந்தக் காலத்தில், வாழ்ந்து மகப்பெற உதவுவது நிற்கின்றது, அவ்வளவே. 1859இல் டார்வின் இயற்கைத் தேர்வு என விளக்கியது இதனையே. தேர்வின் கைக்கு எட்டாமல், நன்மையும் தீமையும் செய்யாத மாறுதல்கள் நேர்ச்சியாகவே பரவுதலும் உண்டு. 1968இல் ஜப்பானிய அறிஞர் கிமுரா இதனை எடுத்துக் காட்டினார். ஆயினும் கண் போன்ற பயன்மிக்க உறுப்புக்கள் திரண்டமைக்குக் காரணம் தேர்வேயாம்.

கண்ணின் படிகளை இன்றும் நேரிற் காணலாம். நத்தையும் கணவாயும் சேர்ந்த மெல்லுடலிகளின் குலம் ஒன்றிலேயே, ஒளியை மட்டும் உணரும் சிறு குழிக்கண் உடையன உண்டு. வில்லையின்றி ஊசித்துளை வழியே உருவம் காணும் நாட்டிலஸ் என்னும் உயிரும் உண்டு. நம் கண்ணைப் போலவே வில்லையமைந்த கண்ணுடைய ஆக்டோபசும் உண்டு. ஒவ்வொரு படியும் அதனை உடைய உயிருக்குப் பயன் தருகின்றது. அரைக்கண்ணாற் பயனென்ன என்று கேட்போர்க்கு இருளில் ஒளி தெரிவதே பயன்.

5. ஓர் எழுத்தின் கதை

இனி ஒரு மெய்யான நிகழ்ச்சியைக் காண்போம். நம் குருதியின் சிவப்பணுக்களில் ஈமோகுளோபின் என்னும் புரதம் உளது. அதன் பீட்டாச் சரம் 146 அமினோ அமிலங்களால் ஆயது. அதன் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் நிற்க வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மாறுமாயின் அவ்விடத்தில் வாலின் என்னும் வேறொன்று வந்து நிற்கும். அதன் விளைவாகச் சிவப்பணு அரிவாள் போல வளைகின்றது. அமினோ அமிலத்தின் இம்மாறுதலை இங்கிராம் என்னும் அறிஞர் 1956இற் கண்டறிந்தார்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் அம்மாறுதலைப் பெற்ற குழந்தை அரிவாளணுச் சோகையால் வருந்தும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தையோ பெரும்பாலும் நலமாக இருப்பதுடன், கொடிய மலேரியாவையும் மற்றவரினும் எளிதில் தாங்கிக்கொள்ளும். 1954இல் அலிசன் என்னும் மருத்துவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடத்தும் இம்மாறுதல் உண்டென லேமனும் கட்புஷும் கண்டனர். மலேரியா மிக்க நிலங்களில் அம்மாறுதல் நிலைத்தது, இல்லாத நிலங்களில் அஃது அருகிற்று. இந்நோயை ஒழிக்க இந்திய அரசு 2023இல் ஒரு தனி இயக்கமே தொடங்கியுள்ளது.

இந்நிகழ்ச்சியிற் "தற்செயல்" என்பது யாது? எழுத்து மாறியது தற்செயல் என்பர் உயிர்நூலார். ஆனால் காரணமின்றி மாறியது என்பது அவர் கருத்தன்று. மரபணு படியெடுக்கப்படும்போது நேரும் பிழை, ஞாயிற்றின் புறஊதாக் கதிர், சில இரசாயனப் பொருள்கள் ஆகிய காரணங்களால் மாறுதல் நேர்கின்றது. அம்மாறுதல் உயிரின் தேவையை அறிந்து வருவதன்று என்பதே அச்சொல்லின் பொருள். மலேரியா வருகின்றதென்று மரபணு அறியாது. மாறுதல் ஒரு சார்பால் நேர்ந்தது, மற்றொரு சார்பால் நிலைத்தது. ஆகவே உயிர்நூலார் கூறும் தற்செயல், பகவர் மறுத்த "ஏதுவின்மை" அன்று. இந்த ஒரு வேறுபாட்டை நன்கு மனங்கொண்டால் இப்பாடத்தில் அரைப்பங்கு கற்றாயிற்று.

ஈண்டு மற்றொன்றும் கருதுக. அந்நோயுற்ற குழந்தையைக் கண்டு "முற்பிறப்பிற் செய்த பாவம்" என்று கூறுதல் பௌத்தம் ஆகாது. சம்யுத்த நிகாயத்தில் மோளிய சீவகனுக்கு விடையிறுத்த பகவர், துன்ப நுகர்ச்சிக்குக் காரணங்களாகப் பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கூட்டு, பருவமாற்றம், ஒவ்வா ஒழுக்கம், வெளியினின்று நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டினைக் கூறினார். எட்டில் ஒன்றே வினை. பின்வந்த உரையாசிரியரும் ஐவகை நியாமம் வகுத்தபோது, வித்தினின்று வித்தின் வழி வருவதைப் பீஜ நியாமம் எனக் கம்ம நியாமத்தினின்று பிரித்தே வைத்தனர்.

6. முதல் உயிர்

"உயிர் தோன்றிய பின் நிகழ்ந்ததைக் கூறினீர். முதல் உயிர் எவ்வாறு தோன்றிற்று?" எனக் கேட்பின், அது வேறு வினா. இரண்டையும் கலத்தல் கூடாது. இயற்கைத் தேர்வு தொழிற்படத் தன்னைத் தானே படியெடுக்கும் பொருள் ஒன்று முன்னர் இருத்தல் வேண்டும். அப்பொருள் வந்த வழி இன்னும் முற்றும் தெளியவில்லை. இதனை நாம் ஒளிக்க வேண்டுவதில்லை.

தெளிந்தவை எவை? அழுகும் இறைச்சாற்றில் நுண்ணுயிர் தானே பிறக்கும் என்னும் பழங்கொள்கையைப் பாஸ்தர் தம் வளைகழுத்துக் குடுவைகளால் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் முறியடித்தார். இதனைக் காட்டி, "உயிரற்றதினின்று உயிர் என்றும் வாராது என விஞ்ஞானமே கூறிற்று" என்பார் உளர். பாஸ்தர் காட்டியது, காய்ச்சித் தூய்மை செய்த குடுவையில், அவர் நோக்கிய நாட்களில், நுண்ணுயிர் தோன்றவில்லை என்பதே. புவி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆயின. மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுக்கு முற்பட்ட உயிர்ச்சுவடுகள் உள்ளன. இடைப்பட்ட காலமும் கடலும் குடுவையில் அடங்குவன அல்ல.

அந்த இடைக்காலத்தில் எளிய பொருள்கள் படிப்படியே கூடிச் சிக்கலான பொருள்கள் ஆயின என்று 1924இல் ஓபாரின் என்னும் ரஷ்யரும், 1929இல் ஹால்டேன் என்னும் ஆங்கிலேயரும் தனித்தனியே கருதினர். இந்த ஹால்டேனே 1957இல் இந்தியா வந்து, பின்னர் இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இற் புவனேசுவரத்தில் உயிர் நீத்தார். 1953இற் சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர் என்னும் மாணவர் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைடிரஜன் ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்திற்குள் அமினோ அமிலங்கள் தோன்றின. பழம்புவியின் வளி அவர் எடுத்துக்கொண்ட கலவையே அன்று எனப் பிற்காலத்தார் கருதினர். ஆயினும் 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் காணப்பட்டன. பென்னு என்னும் சிறுகோளினின்று 2023இற் கொணர்ந்த துகள்களில், உயிர்கள் பயன்கொள்ளும் 20 அமினோ அமிலங்களுள் 14 இருந்தன என 2025இல் அறிவிக்கப்பட்டது.

செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. என்னும் பொருளே நொதி போலவும் தொழிற்படும் என 1980களில் செக், ஆல்ட்மன் என்னும் இருவர் கண்டு, 1989இல் நோபல் பரிசு பெற்றனர். நொதி முந்தியதோ, நொதியை ஆக்கும் செய்தி முந்தியதோ என்ற சிக்கலை இது பெரிதும் தளர்த்திற்று. இவ்வாறு செங்கற்கள் கிடைத்தன, சுவரிற் சில வரிசையும் எழுந்தன. வீடு கட்டி முடிந்தது என்று எவரும் கூறார். உயிரற்ற பொருளினின்று உயிரணு ஒன்றை எவரும் இன்றுவரை ஆக்கியதில்லை.

இவ்விடைவெளியைக் காட்டி, "ஆகவே ஈசன்" என்பார்க்கு நம் விடை இதுவே: அறியாமை ஒன்றற்குச் சான்று ஆகாது. ஈசன் ஆக்கினான் எனின், எதனைச் சார்ந்து, எம்முறையில் ஆக்கினான் என்னும் வினா அப்படியே நிற்கின்றது. பெயரிடுதல் விளக்கம் ஆகாது.

7. "யார் பார்த்தார்?"

இறுதியாக ஒரு வாதம் எஞ்சியுளது. "கோடி ஆண்டுக்கு முன் நிகழ்ந்ததை யார் பார்த்தார்?" என்பர். இதற்கு விடையை மணிமேகலையே வஞ்சியிற் கூறிவிட்டாள். கண்கூடாகக் காண்பதொன்றே அளவை, கருதியுணர்தல் செல்லாது என்றான் பூதவாதி. உன் தாயையும் தந்தையையும் அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என அவனைக் கேட்டு, அவள் அவ்வாதத்தை அடக்கினாள். நாம் பிறந்ததை நாம் பார்த்ததில்லை. ஆயினும் சான்று கொண்டு தெளிகின்றோம். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் சைட்டோகுரோம்-சி என்னும் புரதத்தில் 104 அமினோ அமிலங்களும் ஒன்றே. செங்குரங்குக்கு அவற்றுள் ஒன்று மட்டும் வேறு. முகச்சாயல் கண்டு உடன்பிறந்தாரை அறிவது போல, இச்சாயல் கொண்டு உயிர்களின் உறவை அறிகின்றோம்.

8. நாம் கொள்ளவேண்டியது

பகவர் டார்வினை முன்னறிந்து கூறினார் என்று பெருமை பேசுதல் நமக்கு வேண்டா. அவர் வழக்குத் துன்பமும் அதன் நீக்கமும் பற்றியது, நத்தையின் கண் பற்றியது அன்று. ஆயினும் அவர் தந்த நோக்கு இவ்வாராய்ச்சிக்கு ஒத்தது. 1907இற் சென்னையில் பௌத்த சாரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட பேராசிரியர் லட்சுமி நரசு, கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவரே. இரண்டையும் அவர் பகையாகக் கருதவில்லை.

வாசெட்ட சூத்திரத்தில் பகவர் புல், மரம், பூச்சி, பாம்பு, மீன், பறவை என ஒவ்வொன்றையும் எடுத்து, இவற்றிற் பிறப்பால் அமைந்த அடையாளங்கள் வேறு வேறு உண்டு, மனிதரிடத்து அவ்வாறு இல்லை என்றார். இன்று மரபணுவை எழுத்தெண்ணிப் படித்தோரும் எந்த இரு மனிதர்க்கும் ஆயிரத்தில் ஏறத்தாழ ஓர் எழுத்தே வேறுபடும் என்கின்றனர். முகத்திற் பிறந்தவனும் காலிற் பிறந்தவனும் அந்த ஏட்டில் இல்லை.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் அவ்வினா மீண்டும் எழும்போது, "தற்செயல்" என்றும் கூறற்க, "படைப்பு" என்றும் கூறற்க. "சார்பிற் றோன்றிற்று, சில சார்புகளை அறிந்தோம், சிலவற்றை இன்னும் தேடுகின்றோம்" என்று கூறுக. சார்பால் வந்தது சார்பு மாற மாறும். மலேரியா நீங்கிய நிலத்தில் அரிவாளணு அருகுகின்றது. அவ்வாறே மனிதர் ஆக்கிய இழிவும் மனிதர் முயற்சியால் நீங்கும்.

வகுப்பிற் கலந்துரையாட வினாக்கள்:

1. பகவர் மறுத்த மூன்று கொள்கைகள் எவை? மூன்றும் முயற்சியைக் கெடுப்பது எங்ஙனம்?

2. உயிர்நூலார் கூறும் "தற்செயல்" ஏதுவின்மை அன்று என்பதை அரிவாளணு கொண்டு விளக்குக.

3. பகடை உவமை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

4. உயிரின் பரிணாமமும் முதல் உயிரின் தோற்றமும் வேறு வேறு வினாக்கள் ஆதல் எவ்வாறு?